இன்றைக்குப் பேச்சு, நாளைக்குக் கை

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொல்லி பிபின் என் வீட்டுக்கு நடையாய் நடந்தான். பிபின்தான் இப்போது சங்கத் தலைவர். அருமனையிலிருந்து மலைப்பக்கம் போகிற ரோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தை, முதலாளி இல்லாமல், பால்வெட்டுத் தொழிலாளிகள் நாங்களே சேர்ந்து நடத்தி வருகிறோம். அதில் கல்யாணத்துக்கு முன்பே கத்தி எடுத்து, ஐம்பத்தெட்டு வயதில் கீழே வைத்தவள் நான். "மாமி, கூட்டுறவப் பத்தி, தொழிலாளர் சுயநிர்வாகத்தப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதித் தரணும்" என்றான். சங்கத்தின் பொதுக்கூட்டம் முடியட்டும், பிறகு எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கூட்டத்தில் என் வயிற்றில் அடிக்கிற தீர்மானம் ஒன்று வரவிருந்தது. அது என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு நல்ல வார்த்தை எழுதலாமே என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்துவிட்டது. இனி எழுதலாம்.

பால்வெட்டு படிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. விடிவதற்கு முன் மரத்தடிக்குப் போக வேண்டும். பட்டையை மெல்லிய நாடாவாகச் சீவ வேண்டும். பால் வடிந்து, மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் சேரும். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் ஈரமான தோல் போல ஒன்று உண்டு. கத்தி அதைத் தாண்டித் தடியைத் தொட்டால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே வெட்ட முடியாது. ஆனால் ஆழமாகப் போகப் போகப் பால் கூடுதல் வரும் என்பதும் உண்மை. ஆசைக்கும் காயத்துக்கும் நடுவில் நூல் அளவு இடம்தான். வித்தை முழுவதும் அந்த நூல் அளவில் இருக்கிறது.

அப்போது தோட்டத்துக்கு முதலாளி இருந்தார். அவர் இறந்ததும் பிள்ளைகள் பங்குக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள், தோட்டத்தைக் காடு பிடித்தது, எங்கள் அடுப்பைப் பூனை பிடித்தது. அந்த நேரத்தில் யூனியனில் இருந்த ராஜையன் சார், தோட்டத்தை நாமே குத்தகைக்கு எடுத்து நடத்தினால் என்ன என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். கடைசியில் சிரித்தவர்கள்தான் கையெழுத்துப் போட்டோம். வேறு வழி இல்லை.

ராஜையன் சார் வாத்தியார் இல்லை, அவரும் பால்வெட்டுக்காரர்தான். தடித்தடியான மலையாளப் புத்தகங்களைப் படிப்பார் என்பதால் சார் ஆகிவிட்டார். தலைவராக இருந்த அத்தனை வருடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பால் டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில்தான் இருப்பார். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைப்பு நீண்டால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. யாராவது குறை சொன்னால், அந்தக் குறையைச் சரி செய்கிற வேலையைச் சொன்னவர் தலையிலேயே கட்டிவிடுவார். உறைந்த பாலை ஷீட்டாக அடிக்கிற ரோலர் சரியாகச் சுற்றவில்லை என்று நான் ஒரு தடவை வாய் திறந்து, மூன்று வருடம் ரோலருக்குக் கிரீஸ் போட்டேன்.

சனிக்கிழமை ஷீட் அடித்து முடிந்ததும் புகைப்புரை முற்றத்தில் அவருடைய வகுப்பு நடக்கும். ஷீட் உலர்கிற புகைவாசனையில்தான் நாங்கள் உலகத்தைப் படித்தோம். இங்கிலாந்துப் பக்கம் ஒரு நூற்பாலை முதலாளி தொழிலாளிக்கு நல்ல வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கட்டிக்கொடுத்து, பிறகு எல்லாரும் சேர்ந்து உழைத்துச் சேர்ந்து உண்கிற கிராமங்களை உண்டாக்க ஆசைப்பட்டு, அமெரிக்கா வரை போய்க் கைப்பணத்தைத் தொலைத்தார் என்று சொன்னார். நல்ல முதலாளியை நம்பி உட்காரக் கூடாது என்பதற்கு அந்தக் கதை. அதே நாட்டில் கொஞ்சம் நெசவாளர்கள் கலப்படம் இல்லாத மாவும் வெண்ணெயும் விற்க ஒரு சின்னக் கடை தொடங்கி, எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான் என்று விதி வைத்ததைச் சொன்னார். ஜெர்மனியில் ஒரு பெண் தலைவர், கூட்டுறவில் தொழிலாளி தனக்குத்தானே முதலாளியாக நின்று தன்னையே பிழிய வேண்டி வரும் என்று எச்சரித்ததைச் சொன்னார். எனக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப்போனது. இங்கிலாந்தில் ஒரு தம்பதி, தொழிலாளர் கூட்டுறவு தோற்றால் மூடிவிடும், ஜெயித்தால் உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கூலிக்கு ஆள் வைத்து முதலாளி ஆகிவிடுவார்கள் என்று எழுதினார்களாம். அதைக் கேட்ட அன்றைக்கே, எங்கள் தோட்டத்தில் ஒரு வருடம் வேலை செய்கிற எவரும் உறுப்பினர் என்று தீர்மானம் போட்டோம். இன்றைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகளும் உறுப்பினர்களாக இருப்பது அந்தச் சனிக்கிழமையின் புண்ணியம்.

யூகோஸ்லாவியா என்று அப்போது ஒரு நாடு இருந்தது. அங்கே தொழிற்சாலைகளைத் தொழிலாளர் குழுக்களிடம் கொடுத்து, நீங்களே நடத்துங்கள் என்று சொன்னார்களாம். வருகிற லாபத்தைச் சம்பளமாகப் பிரிப்பதா, புது யந்திரம் வாங்குவதா என்று தொழிலாளிகளே தீர்மானிக்கலாம். அங்கேதான் ஒரு சிக்கல் என்றார் ராஜையன் சார். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவன் புது யந்திரத்துக்கு எதற்குக் கை தூக்குவான், போகும்போது அதில் ஒரு திருகாணி கூட அவனுக்குக் கிடையாதே என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்டார்களாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அந்த நாட்டில் ரப்பர் உண்டா என்று கேட்டேன்.

"ரப்பர் இல்ல பிள்ளே" என்றார் சார். "ஆனா அங்கயும் மனுஷனுக்கு வயசாவும்."

அன்றைக்குச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். ரோலரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த செல்லையன் மாமாவை எழுப்பி அனுப்புவது வழக்கம் போல என் வேலையாயிற்று. செல்லையன் மாமா எங்களில் மூத்தவர். எதற்கும் முதலில் 'நடக்காது' என்று சொல்லிவிட்டு, பிறகுதான் விஷயம் என்னவென்று கேட்பார். அவர் மரமும் என் மரமும் பல வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் தினமும் எங்களுக்குள் ஒரு சண்டை கட்டாயம்.

கூட்டம் நடத்துகிற முறையையும் சார்தான் உண்டாக்கினார். கடைசியாகச் சேர்ந்த ஆள் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில் பேச வேண்டும். மூத்தவர் முதலில் பேசினால் இளையவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். பேசிய நாளில் ஓட்டு கிடையாது. "இன்னைக்குப் பேச்சு, நாளைக்குக் கை" என்பார். ஒரு ராத்திரி உறங்கி எழுந்து, மறுநாள் மரத்தடியில் நின்று யோசித்துவிட்டு, சாயங்காலம் வந்து கை தூக்க வேண்டும். பேச்சில் மட்டும் எதையும் மறைக்கக் கூடாது. எனக்கு இன்னது வேண்டும், அதனால் இப்படிச் சொல்கிறேன் என்று வெட்டவெளிச்சமாகச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு யோசித்த மனிதர் ஓர் இடத்தில் சறுக்கினார். தோட்டத்தில் சில பிளாக் சமதரை, நல்ல பால். சில பிளாக் செங்குத்து மேடு, மழையில் வழுக்கும், பாலும் குறைவு. முதலாளி காலத்தில் கங்காணிக்குப் பிடித்தவர்களுக்குச் சமதரை, எங்களுக்கு மேடு. அந்த அநியாயம் இனிக் கூடாது என்று சார் ஒரு வழி கண்டுபிடித்தார். வருடா வருடம் இலை உதிர்ந்து மரம் ஓய்வில் நிற்கிற காலத்தில், எல்லார் பெயரையும் எழுதி ஒரு சிரட்டையில் போட்டுக் குலுக்கி எடுப்பது. யாருக்கு எந்த பிளாக் விழுகிறதோ அந்த வருடம் அது அவருக்கு. குலுக்கல் நாள் எங்களுக்குத் திருவிழா போல இருக்கும். பாயசம் வைப்போம். சமதரை விழுந்தவரை எல்லாரும் கேலி செய்தே கொன்றுவிடுவோம். மேடு விழுந்தவர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் பட்டுக்கொள்வார். இவ்வளவு நியாயமான ஏற்பாடு உலகத்தில் வேறெங்கும் இருக்காது என்று நினைத்தோம்.

சில வருடம் போனதும் பால் குறைந்தது. மழையைச் சொன்னோம், உரத்தைச் சொன்னோம். எனக்கு விழுந்த பிளாக்கில் பட்டையெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருக்கிறதே என்று நான் குறை சொன்னேன். பழக்கப்படி வேலை என் தலையில் விழுந்தது: செல்லையன் மாமாவையும் கூட்டிக்கொண்டு தோட்டம் முழுக்க மரம் மரமாகப் பார்த்து வா என்றார் சார். பார்த்தோம். காயம் இல்லாத மரம் அபூர்வம். ஒருவர் இருவர் செய்தது அல்ல, எல்லார் கத்தியும் ஆழமாகப் போயிருந்தது. அடுத்த வருடம் இந்த மரம் வேறு யாருக்கோ என்றால் இந்த வருடம் கொஞ்சம் ஆழமாகப் போனால் என்ன என்று ஒவ்வொரு கையும் தனக்குள் சொல்லியிருக்கிறது. வருகிற வழியில் செல்லையன் மாமா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாங்கள் சொன்னதைக் கேட்டு சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாருக்கும் ஆக்கணும்னு நெனச்சு, ஆருக்கும் இல்லாம ஆக்கிப்போட்டேனே" என்றார்.

திட்டுவதற்கு ஒரு முதலாளி இருந்தால் அன்றைக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். குலுக்கல் அத்தோடு நின்றது. இனி ஓய்வு பெறுகிற வரை அவரவர்க்கு ஒரே பிளாக், மேட்டில் வெட்டுகிறவருக்குக் கூலியில் ஒரு கூடுதல் என்று முடிவானது. ஆனால் காயம் பட்ட மரங்கள் பட்டதுதான். அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. இத்தனை வருட வேலையில் நான் பார்த்த மிகக் கஷ்டமான கூட்டம் அதற்காகத்தான் கூடியது.

வழி இரண்டு இருந்தது. ஒன்று, எல்லா மரத்தையும் வெட்டிச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நடுவது. கன்று வளர்ந்து பால் தர ஏழு வருடம் ஆகும். அதுவரை பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போகலாம், நடுவில் அன்னாசியும் வாழையும் போடலாம், அரைவயிறு. இன்னொன்று கடும்வெட்டு. சாகப் போகிற மரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற ஓய்வெல்லாம் பார்க்காமல், தினமும், கீழும் மேலும், ஏணி வைத்துக்கூட வெட்டி, இருக்கிற பாலை எல்லாம் இழுத்துவிடுவது. சில வருடத்துக்குக் கை நிறையக் காசு. பிறகு மரமும் இருக்காது, புதுக் கன்று வைக்கக் கையில் எதுவும் மிஞ்சாது, தோட்டமும் போய்விடும்.

முதல் நாள் பேச்சு. இளையவர்கள் வெட்டி நடுவோம் என்றோம். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். இந்தத் தோட்டம் இல்லாவிட்டால் அடுத்த முப்பது வருடம் எங்கே போவேன் என்று கேட்டேன். மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் கடும்வெட்டு என்றார்கள். எங்கள் சங்கத்தில் அப்போது மூத்தவர்களே அதிகம். கடைசியாகச் செல்லையன் மாமா எழுந்தார். அவருடைய வீடு லிண்டல் மட்டத்தில் நின்று போயிருந்தது. மேலே தார்ப்பாய் கட்டித்தான் மாமியும் அவரும் இருந்தார்கள். அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு. எனக்கு மேலே கான்கிரீட் போடணும், மழைக்கு என் வீட்டுக்காரி மூலைக்கு மூலை பாத்திரம் வைக்கிறாள், ஏழு வருடம் கழித்து வருகிற பால் என் வாய்க்கு அல்ல, கடும்வெட்டுத்தான் வேண்டும் என்று ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

மறுநாள் காலையில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டினோம். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, எனக்கட்ட பேசமாட்டியா?" என்றார்.

"பேச்சு நேத்தோட முடிஞ்சுது மாமா" என்றேன். "இன்னைக்குக் கைதான்."

அவர் அடுத்த மரத்துக்குப் போகாமல் கத்தியோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் புகைப்புரை முற்றத்தில் எல்லாரும் கூடினோம். முடிவு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்ததுதான். தலையை எண்ணினாலே கடும்வெட்டு ஜெயித்துவிட்டது. சாரின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கை தூக்கச் சொல்ல வாய் திறப்பதற்குள் செல்லையன் மாமா எழுந்தார். பேச்சு நேற்றோடு முடிந்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். இது பேச்சு இல்லை என்றார் மாமா.

"நேத்து நான் கடும்வெட்டுன்னு சொன்னேன். இப்பமும் அதத்தான் சொல்லுவேன். எனக்குக் கூரை வேணும். ஆனா அந்த யூகோ நாட்டுக்காரன் கதைய நான் ஒறங்கிட்டா கேட்டேன்? அடுத்த வருஷம் போறவனுக்க கைய நம்பி முப்பது வருஷத்து மரத்த வைக்கப்பிடாது. எனக்க கைய எனக்கே நம்பிக்க இல்ல. நான் வெளிய நிக்கியேன். நீங்க தூக்குங்க."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ரோட்டோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். எங்கள் முகத்தை அவர் பார்க்கக் கூடாது, அவர் முகத்தை நாங்கள் பார்க்கக் கூடாது. பிறகு மூத்தவர்களில் ஒருவர் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். இன்னொருவர் போனார். கடைசியில், கடும்வெட்டு கேட்ட குருசுமுத்து அண்ணன், இந்தக் கிழவன் நம்மைப் பட்டினி போடத்தான் பிறந்திருக்கிறான் என்று உரக்கத் திட்டிக்கொண்டே போய் நின்றார். உள்ளே மிச்சம் இருந்தவர்கள் கை தூக்கினோம். ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சந்தோஷப்படுவது?

சொல்லப் போனது நான்தான். வெட்டி நடுவதாக முடிவாகிவிட்டது மாமா என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"கன்னுக்கு எடையில அன்னாசி வைப்பியளா?" என்று கேட்டார். வைப்போம் என்றேன். "மேட்டுல ரெண்டு வரி எனக்குத் தரணும்" என்றார்.

அந்தக் கூட்டத்திலிருந்துதான் எங்கள் விதி வந்தது. ஓய்வு பெற்றவர்க்கும், ஓய்வுக்குக் கிட்டத்தில் இருப்பவர்க்கும், மரத்தை வெட்டுகிற விஷயத்தில் பேச்சு உண்டு, கை கிடையாது. கை தூக்குகிற நேரத்தில் வெளியே போய் நிற்க வேண்டும். ஆனால் ராஜையன் சார் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ஸ்பெயினில் ஒரு மலைநாட்டில், ஒரு பாதிரியார் தொடங்கி வைத்த தொழிலாளர் கூட்டுறவில், வேலையை விட்டுப் போகிறவர் தன் பெயரில் சேர்ந்ததை எடுத்துக்கொண்டுதான் போவார், அங்கே யாரும் வெறுங்கையோடு வெளியே போவதில்லை என்று படித்துக் காட்டினார். அப்படியே இங்கும், ஓய்வு பெற்றவர்க்குப் பாலில் ஒரு பங்கு சாகிற வரை உண்டு என்று எழுதிச் சேர்த்தோம்.

செல்லையன் மாமாவுக்கு அந்த இரண்டு வரிசை அன்னாசிக் காசில் கதவும் ஜன்னலும் வந்தன. கூரை வரவில்லை. தார்ப்பாய்க்குப் பதில் தகர ஷீட் போட்டார். கன்றுகள் இடுப்பளவு இருக்கும்போதே தினமும் வந்து, இப்படியா களை எடுப்பது, அப்படியா உரம் வைப்பது என்று எங்கள் உயிரை வாங்கினார். மரம் பால்வெட்டுக்கு ஆகிற பருவத்துக்கு ஒரு வருடம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். புது மரத்தில் முதல் வெட்டு விழுந்த நாளில், சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்து நான் ஓவென்று அழுதேன். அன்றைக்கு எல்லாரும் பாயசம் குடித்தார்கள்.

அதன் பிறகு நல்ல காலம்தான். ஒரே மரங்களோடு வருடக் கணக்காக இருந்தேன். ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். எந்த மரம் மழைக்குப் பிணங்கும், எந்த மரம் எட்டு மணிக்கு மேலும் சொட்டிக்கொண்டிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சிணுங்கிக்கொண்டே பாலைக் கொட்டுகிற ஒரு மரத்துக்குச் செல்லையன் என்றே பெயர். பேச்சிப்பாறை மலையிலிருந்து காலையில் இறங்கி வருகிற குளிரும், முதல் சீவலில் பட்டை விடுகிற பச்சை வாசனையும் இப்போதும் என் உறக்கத்தில் வரும். அந்தக் காலத்தில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த மரங்களுக்குத்தான் இப்போது வயதாகிவிட்டது. வெட்டி நடலாமா, இல்லை இன்னும் சில வருடம் தள்ளலாமா என்பதுதான் போன மாதக் கூட்டத்தின் தீர்மானம். ராஜையன் சார் இப்போது உயிரோடு இல்லை. மூத்தவள் நான். முதலில் பேசியது, எங்கள் பக்கத்து வாடகை வீட்டில் மனைவியோடு இருக்கிற ஜார்க்கண்ட்காரர். தமிழும் மலையாளமும் கலந்து, தன் பிள்ளை இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறது, அதனால் புது மரம் வேண்டும் என்றார். எல்லாரும் பேசி முடிந்து கடைசியில் என் முறை வந்தது.

உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள் என்று சொல்லிப் பெரிய மனுஷியாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பேச்சில் மறைக்கக் கூடாது என்பது எங்கள் முறை. மரத்தை இன்னும் சில வருடம் விட்டுவைக்கச் சொன்னேன். எனக்கு வருகிற பங்கு நின்றுவிடும். மகன் கல்ஃபிலிருந்து அனுப்பத்தான் செய்கிறான், ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது, இது மட்டும்தான் நான் யாரிடமும் கேட்காமல் என் கைக்கு வருகிற காசு என்றேன். ஏழு வருடம் கழித்து நான் இருப்பேனா என்று தெரியாது என்றும் சொன்னேன். இளைய பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம், பிபின் கை தூக்கச் சொல்வதற்கு முன் எழுந்தேன். உங்களுக்கு முட்டு வலிக்கும் மாமி, எதற்குப் போகிறீர்கள், இங்கேயே இருங்கள் என்றான். முறை அது இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். முற்றத்தைத் தாண்டி ரோட்டோரம் போய், செல்லையன் மாமா நின்ற அதே இடத்தில், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். எதிரே நான் வருடக் கணக்காகத் தொட்ட மரங்கள். எனக்குக் கை இருந்திருந்தால் அன்றைக்கு எதற்குத் தூக்கியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கை இல்லாதது நல்லதாயிற்று என்று அப்போது தோன்றியது.

பிபின் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றான். சொல்லத் தயங்கினான்.

"வெட்டுதோம் மாமி" என்றான்.

நான் தலையாட்டினேன். கன்றுக்கு இடையில் அன்னாசி வைப்பார்களா என்று கேட்டேன். வைப்போம் என்றான்.

"மேட்டுல ரெண்டு வரி எனக்குத் தரணும் மக்கா" என்றேன்.

கிழவி விவரமாகத்தான் கேட்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, பிபின் சிரித்தான். அது யாருடைய வார்த்தை என்று அவனுக்கு அப்போது தெரியாது. மலருக்காக இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.